சோடியத்துக்குக் காவல் இருந்த தாத்தா

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன், "உங்கள் தாத்தாவோ பாட்டியோ என்ன வேலை செய்தார்கள்? அவர்களிடமே கேட்டு ஒரு பக்கம் எழுதி வாருங்கள்" என்று மாணவர்களிடம் கூறுவேன். பேரப்பிள்ளைகளும் பெரியவர்களும் தமிழில் ஒரு மணி நேரமாவது பேசுவார்கள் என்பதே இதன் உள்நோக்கம்.

இவ்வாறு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை நான் எதிர்பார்ப்பவைதாம். துறைமுகத்தில் சுமை தூக்கிய தாத்தா, சிராங்கூன் சாலையில் பூக்கட்டி விற்ற பாட்டி, செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தராக இருந்த கொள்ளுத்தாத்தா என்று அவை அமையும். ஒருமுறை ஒரு மாணவியின் கட்டுரை மட்டும் வேறாக இருந்தது. அதன் முதல் வாக்கியம் இது: "என் தாத்தா கல்பாக்கத்தில் முப்பது ஆண்டுகள் சோடியத்துக்குக் காவல் இருந்தார்."

நான் சிவப்பு மையால் 'காவல்' என்னும் சொல்லின் கீழ்க் கோடிட்டேன். 'வீட்டுக்குக் காவல், வயலுக்குக் காவல் என்போம். சோடியத்துக்குக் காவல் என்பது பொருந்தாது' என்று ஓரத்தில் எழுதி, அரை மதிப்பெண்ணையும் குறைத்தேன். ஆசிரியர்களுக்கே உரிய அவசரம் அது.

அடுத்த வாரம் ஒரு மாலைப்பொழுதில் அந்தத் தாத்தாவையே சந்திக்க நேர்ந்தது. மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக வந்திருந்தவர், பேத்தியை அழைத்துச் செல்லப் பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். என்னைக் கண்டதும் கைகூப்பி, "டீச்சர், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை எழுதியது சரிதான். நாங்கள் செய்த வேலைக்கு வேறு சொல் எனக்கும் தெரியவில்லை" என்றார். நாங்கள் இலகு ரயில் நிலையத்துக்கு அருகில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிடந்த கல் இருக்கையில் அமர்ந்தோம். தலைக்கு மேலே ரயில்கள் சென்றுகொண்டிருந்தன. ஒன்றரை மணி நேரம் பேசினோம். அன்று அவரிடம் கேட்டதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தமிழ் மண்ணில் நடந்த ஓர் அறிவியல் முயற்சியின் வரலாறு இது. நம் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் சொல்ல முடியும் என்பதை முதலில் நானே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆயிரம் மணிகளில் ஏழு

கல்பாக்கம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரத்துக்கும் பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கும் இடையே அமைந்த கடலோர ஊர். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் பழைய கோட்டை இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் அக்கரையிலிருந்து துணி கப்பலேறியது. மீனவர் குப்பங்களும் சவுக்குத் தோப்புகளும் நிறைந்த அந்தக் கரையில் 1971ஆம் ஆண்டு அணு உலை ஆராய்ச்சி மையம் ஒன்று நிறுவப்பட்டது. 1985ஆம் ஆண்டு அதற்கு இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. அதே வளாகத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலையம் வேறு, இந்த ஆராய்ச்சி மையம் வேறு. மின் நிலையத்தின் முதல் உலை 1983ஆம் ஆண்டு ஜூலையில் இயங்கத் தொடங்கியது. நான் பல ஆண்டுகள் இரண்டையும் ஒன்றென்றே எண்ணியிருந்தேன்.

இந்த மையம் தோன்றியதற்கான காரணத்தை அறிய இன்னும் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். இந்திய அணு ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் ஹோமி பாபா 1950களில் மூன்று கட்டத் திட்டம் ஒன்றை வகுத்தார். இந்தியாவில் யுரேனியம் குறைவு. ஆனால் கேரளக் கரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி போன்ற இடங்களிலும் உள்ள கடற்கரை மணலில் தோரியம் மிகுதி. தோரியம் அப்படியே எரிபொருளாகப் பயன்படாது. அதனை எரிபொருளாக மாற்ற முதலில் வேறு எரிபொருள் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பும் பாலமாகவே இரண்டாம் கட்ட உலைகள் திட்டமிடப்பட்டன. பாபா 1966ஆம் ஆண்டு ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற விக்ரம் சாராபாய் காலத்தில் கல்பாக்கம் மையம் உருப்பெற்றது. அவரும் 1971 டிசம்பர் இறுதியில் மறைந்தார்.

இரண்டாம் கட்ட உலையின் தத்துவத்தைத் தாத்தா எனக்கு விளக்கிய விதம் எளிமையானது. "டீச்சர், ஆயிரம் நெல்மணி இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஏழுதான் விதை. மற்றவை முளைக்காது. ஆனால் முளைத்த பயிரின் பக்கத்தில் வைத்தால் அந்த முளைக்காத மணியும் விதையாக மாறும் என்றால் எப்படி இருக்கும்?" இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 என்னும் வகை 0.7 விழுக்காடுதான். எஞ்சிய 99.3 விழுக்காடு யுரேனியம்-238. இது ஒரு நியூட்ரானை விழுங்கினால், சில மாற்றங்களுக்குப் பின் புளூட்டோனியம்-239 ஆகிறது. அது நல்ல எரிபொருள். எரித்த அளவைவிட அதிக எரிபொருளைத் தோற்றுவிக்கும் உலையை அமைக்க முடியுமா என்பதே கல்பாக்கத்தின் கேள்வி.

ஈனுலை என்னும் சொல்

அத்தகைய உலைக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'ஈனுலை'. தாத்தா இச்சொல்லைக் கூறியதும் பேத்தி சிரித்தாள். 'ஈனம்' என்றால் இழிவு என்று அவள் படித்திருக்கிறாள். இழிவான உலையா என்று கேட்டாள். அந்த ஈனம் வேறு, இந்த ஈனுதல் வேறு என்று நான் விளக்கினேன். பசு கன்று ஈன்றது என்கிறோமே, அந்த ஈனுதல் இது. மக்கட்பேறு பற்றிய குறளிலும் இவ்வினை வருகிறது. எரிந்துகொண்டே புதிய எரிபொருளை ஈன்று தரும் உலை என்பதால் ஈனுலை. ஆயிரம் பக்கத்தில் விளக்க வேண்டிய செய்தியை மூன்று எழுத்தில் சொல்லிவிடும் சொல் அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பிக்கும் நான் அதனை அதுவரை ஒருமுறைகூட வகுப்பில் கூறியதில்லை.

முழுப்பெயர் 'அதிவேக ஈனுலை'. இதிலும் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. வேகம் என்பது உலையின் வேகமோ, எரிபொருள் பெருகும் வேகமோ அன்று. அணுவைப் பிளக்கும் நியூட்ரான்களின் வேகம். சாதாரண உலைகளில் நியூட்ரான்களைத் தண்ணீர் போன்ற பொருளால் மட்டுப்படுத்துவார்கள். ஈனுலையில் அவை வேகம் குறையாமல் ஓட வேண்டும். ஆகவே அங்கே உலையின் வெப்பத்தை எடுத்துச் செல்லத் தண்ணீரைப் பயன்படுத்த இயலாது. அதனால் உருகிய உலோகம் தேவைப்பட்டது. அவ்வுலோகமே சோடியம்.

மறுக்கப்பட்ட எரிபொருள்

1969ஆம் ஆண்டு இந்தியா பிரான்சுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. தென் பிரான்சில் கடராஷ் என்னும் இடத்தில் இயங்கிய 'ராப்சோடி' என்னும் சோதனை உலையை ஒட்டி, கல்பாக்கத்தில் ஓர் உலை கட்டுவது திட்டம். இந்தியப் பொறியாளர்கள் கடராஷுக்குச் சென்று பயின்றனர். ராப்சோடியில் மின்சாரம் எடுக்க ஏற்பாடு இல்லை. கல்பாக்கத்தில் நீராவி உருவாக்கியும் சுழலியும் சேர்த்தே வடிவமைத்தார்கள். 1972ஆம் ஆண்டு கட்டுமானம் தொடங்கிற்று. 40 மெகாவாட் வெப்பத் திறனுள்ள சிறிய உலை.

இதற்கு வேண்டிய செறிவூட்டப்பட்ட யுரேனியம் பிரான்சிலிருந்து வருவதாக இருந்தது. 1974ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இந்தியா பொக்ரானில் அணுவெடிச் சோதனை நடத்தியது. அதன்பின் அந்த எரிபொருள் வரவில்லை. கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, குழாய்கள் பொருத்தப்படுகின்றன, உலையில் இடுவதற்கு எதுவும் இல்லை. அடுப்பு கட்டியாயிற்று, விறகு இல்லை என்ற நிலை.

கையில் இருந்தது இந்தியாவிலேயே பிரித்தெடுக்கப்பட்ட புளூட்டோனியம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்து அறிவியலாளர்கள் புளூட்டோனியம் கார்பைடு 70 விழுக்காடு, யுரேனியம் கார்பைடு 30 விழுக்காடு கலந்த ஓர் எரிபொருளை உருவாக்கினர். உலகில் வேறெங்கும் ஓர் உலையின் முதன்மை எரிபொருளாக இக்கலவை அதற்கு முன் பயன்பட்டதில்லை. காற்றுப் பட்டால் தானே தீப்பற்றக்கூடிய தூள் அது. மந்த வாயு நிரப்பிய மூடிய பெட்டிகளுக்குள் கையுறை வழியே கைகளை நுழைத்துத்தான் அதனைக் கையாள முடியும்.

1985ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அந்தச் சோதனை ஈனுலை முதன்முதலாக இயங்கியது. புதிய எரிபொருள் என்பதால் தொடக்கத்தில் மிகக் குறைந்த திறனிலேயே இயக்கினார்கள். டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் வரை மட்டுமே அதனை எரிக்கலாம் என்று முதலில் வரையறுத்தார்கள். பின்னர்ப் படிப்படியாகச் சோதித்துச் சோதித்து, அந்த அளவு 165,000 வரை உயர்ந்தது. உலை தன் முழுத் திறனாகிய 40 மெகாவாட்டை 2022ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள்தான் எட்டியது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல். ஒரு தேர்வுத்தாள் வருவதற்கு ஒரு வாரம் பொறுக்க முடியாத நம் பிள்ளைகளிடம், நமக்கும்தான், சொல்ல வேண்டிய கணக்கு இது.

தண்ணீர் ஊற்றக் கூடாத தீ

இனி என் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். சோடியத்துக்கு ஏன் காவல்?

நாம் உண்ணும் உப்பில் குளோரினோடு கட்டுண்டு கிடக்கும்போது சோடியம் சாது. தனியே பிரித்தால் அது வெள்ளி போன்ற மென்மையான உலோகம். 98 டிகிரி செல்சியசில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். இடைப்பட்ட நெடிய வெப்பநிலை முழுவதும் நீர்மமாக இருந்து, உலையின் வெப்பத்தை நன்கு கடத்தும். அழுத்தமும் அதிகம் தேவையில்லை. இவை அதன் நற்குணங்கள். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனை வெளியிட்டு வெடித்து எரியும் என்பது அதன் மறுபக்கம். இத்தனைக்கும், அந்த உலையில் மெல்லிய உலோகச் சுவர் ஒன்றின் ஒரு புறம் சோடியமும் மறுபுறம் தண்ணீரும் ஓடுகின்றன. நீராவி உண்டாவது அங்கேதான்.

"பச்சைக் குழந்தை மாதிரி, டீச்சர். குளிரவும் விடக் கூடாது, ஈரமும் படக் கூடாது" என்றார் தாத்தா. குளிர்ந்தால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால், குழாய்களின்மேல் மின்சூடேற்றிகளைச் சுற்றி இரவும் பகலும் சூடாக வைத்திருப்பார்கள். கசிவைக் காட்டிக்கொடுக்கும் கம்பிகளையும் குழாய்மேல் பதித்திருப்பார்கள். சோடியம் ஒரு சொட்டு கசிந்து கம்பியைத் தொட்டால் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த வேதித்தூள்தான் தூவ வேண்டும். பணியில் சேர்ந்த முதல் வாரம், "தீயைக் கண்டால் தண்ணீருக்கு ஓடும் பழக்கத்தை மற" என்றுதான் தமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கூறினார். மூன்று முறைப்பணிகள். தீபாவளி இரவிலும் பொங்கல் காலையிலும் யாரேனும் ஒருவர் அந்த அளவுமானிகளின் முன் அமர்ந்திருக்க வேண்டும். பதிவேட்டில் எழுதியது ஆங்கிலத்தில், ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டது தமிழில்.

காவல் என்று வேறு எதைச் சொல்வது?

காவலிலும் தவறுகள் நேர்ந்தன என்பதை மறைக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டு எரிபொருள் தொகுதியொன்றை இடம் மாற்றும்போது நேர்ந்த விபத்தால் உலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முடங்கியது. 2002ஆம் ஆண்டு சுமார் 75 கிலோ சோடியம் கசிந்தது. அந்த அறையில் நைட்ரஜன் நிரப்பியிருந்ததால் தீப்பற்றவில்லை. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் அதே வளாகத்தில் உள்ள எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் ஆறு பணியாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். பிற நாடுகளிலும் இவ்வகை உலைகள் எளிதாக வெற்றி பெறவில்லை. ஜப்பானின் மொஞ்சு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. அதைக் காட்டும் ஒளிப்பதிவை நிர்வாகம் மறைத்தது தெரியவந்தபோது மக்கள் நம்பிக்கை குலைந்தது. இறுதியில் 2016ஆம் ஆண்டு அதனை மூடிவிடுவதென முடிவாயிற்று. பிரான்சு தன் பெரிய ஈனுலையை 1990களின் இறுதியில் கைவிட்டது. ரஷ்யாவில் 1980ஆம் ஆண்டு தொடங்கிய ஈனுலையோ பல பத்தாண்டுகள் மின்சாரம் தந்தது. இம்முயற்சி தேவையா, இவ்வளவு செலவு தகுமா என்ற வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. கரையோர மக்களின் அச்சங்களும் உண்மையானவையே. பிள்ளைகளிடம் இரு பக்கமும் கூறுவதே முறை.

கடல் உள்ளே வந்த நாள்

500 மெகாவாட் மின்திறனுள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலைக்கான கட்டுமானம் 2004ஆம் ஆண்டு கல்பாக்கத்தில் தொடங்கியது. சில வாரங்களிலேயே, டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை வந்தது. அடித்தளத்துக்காகத் தோண்டிய பெரும் பள்ளத்தைக் கடல்நீர் நிரப்பிற்று. அன்று இயங்கிக்கொண்டிருந்த மின் நிலையத்தின் இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் கடலையொட்டிய ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் பல உயிர்கள் போயின.

தாத்தா அன்று இரவுப்பணி முடித்து வீடு திரும்பி உறங்கிக்கொண்டிருந்தாராம். அவருடன் அதே முறையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் கடலோர வரிசையில் குடியிருந்தார். அதற்கு மேல் அவர் எதுவும் கூறவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் பணிக்குச் சென்றீர்களா என்று மட்டும் பேத்தி கேட்டாள். "போகாமல்? சோடியத்துக்குக் கடல் வந்தது தெரியுமா?" என்றார்.

அந்தப் பெரிய உலை 2010ஆம் ஆண்டு முடிந்துவிடும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். காலக்கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. 2024ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள்தான் எரிபொருளை ஏற்றும் பணி தொடங்கியது. தாத்தா ஓய்வு பெற்று அப்போது நெடுங்காலம் ஆகியிருந்தது. மகள் வீட்டில், தம் கைப்பேசியில் அந்தச் செய்தியைப் பார்த்தாராம். "யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை" என்றார். இவ்வாக்கியம் என்னை வெகுநாள் விடவில்லை.

நம் வீட்டில் இருக்கும் வரலாறு

வீட்டில் பேத்தி இருந்தாள், மகள் இருந்தார், மருமகன் இருந்தார். ஆயினும் சொல்ல ஆள் இல்லை என்று அவர் எண்ணியதற்குக் காரணம் என்ன? பிள்ளைக்குத் தமிழில் அறிவியல் புரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறோம். தாத்தாவுக்குத் தெரிந்தது பழங்கதைதான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இரு நினைப்புக்கும் ஆசிரியர்களாகிய நாமும் பொறுப்பு. தமிழ் வகுப்பில் பொங்கலும் தீபாவளியும் போதிய அளவு வருகின்றன. ஈனுலை வருவதில்லை.

இது சிங்கப்பூருக்குத் தொடர்பில்லாத செய்தியும் அன்று. அணுமின்சாரம் பற்றிய முன்சாத்தியக்கூறு ஆய்வு ஒன்றை நம் அரசு நடத்தி, அன்றிருந்த தொழில்நுட்பங்கள் நம் சிறிய தீவுக்குப் பொருந்தமாட்டா என்று 2012ஆம் ஆண்டு அறிவித்தது. 2014ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணுப் பாதுகாப்பு ஆய்வுக்கென ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் அமைதிவழி அணு ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அணுமின்சாரம் பற்றி முடிவு எதையும் எடுக்கவில்லை என்றே அப்போதும் அரசு கூறியது. முடிவு எதுவாயினும், அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள். அவர்கள் பாட்டியிடமும் அதைப் பற்றிப் பேச முடிய வேண்டாமா?

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் செய்த வேலையின் பெயரை மட்டுமன்று, அந்த வேலையின் ஒரு நாளைப் பற்றிப் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். காலையில் முதலில் எதைத் தொட்டார், எதற்கு அஞ்சினார் என்று கேட்கட்டும். ஆசிரிய நண்பர்களே, பிள்ளையின் வாக்கியத்தில் ஒரு சொல் பொருந்தாததுபோல் தோன்றினால், கோடிடும் முன் ஒருமுறை அவர்களைக் கேட்டுவிடுங்கள். அகராதி அறியாத பொருத்தம் அதில் இருக்கக்கூடும்.

மறுநாள் அந்த மாணவியின் கட்டுரையை மீண்டும் வாங்கினேன். சிவப்புக் கோட்டை அழிக்க வழியில்லை. அதன் அருகிலேயே 'சரியான சொல். ஆசிரியர் தவறாகக் கோடிட்டுவிட்டார்' என்று எழுதிக் கையொப்பமிட்டு, அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாத்தாவிடம் காட்டலாமா?" என்று கேட்டாள்.